குடிக்காதவர்கள் சொன்ன சாட்சி

ஓட்னியின் பேரைச் சொன்னால் எங்கள் கரையில் ஆண்கள் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள். அப்பன் வீட்டுத் தீயில் மோரைக் கொட்டியவள் என்பார்கள். ஏன் கொட்டினாள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதைச் சொல்லப்போனால், நடுக்குளிர்காலத்தில் நடக்கும் அந்த யூல் விருந்தில் யார் எவ்வளவு குடித்தார்கள், என்னென்ன உளறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். நான் சொல்கிறேன். நான் குரோவா, அவளுடைய நாத்தனார். என் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அண்ணன் ஸ்கோப்தியின் பண்ணைக்கு வந்து, அவன் பெண்டாட்டி ஓட்னியோடு ஒரே தீக்குழியில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தேன். அந்த விருந்தில் அவளைப் போலவே நானும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

எங்கள் பக்கம் குளிருக்குத் தேனீ தங்காது. தேன் தெற்கிலிருந்து கப்பலில் பீப்பாயாக வரவேண்டும். அதை வாங்கும் வசதி எங்கள் கரையில் ஒருவருக்குத்தான் இருந்தது, தலைவர் ஓல்மோதுக்கு. மற்ற வீடுகளில் பார்லிக் கள்தான். ஓல்மோதின் வீட்டில் யூலுக்குத் தேனைப் புளிக்கவைத்த கள், தேன்கள் என்போம். அதைக் காய்ச்ச ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஓட்னியைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அந்தக் கை இருந்தது. வெந்நீரில் தேனைக் கரைத்து, அதில் ஒரு கோழிமுட்டையை மிதக்கவிடுவாள். காசளவு ஓடு வெளியே தெரிந்தால் கரைசல் சரி என்று அர்த்தம். சதுப்பில் வளரும் கசப்புத் தழையைக் கட்டாகப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, போன வருஷத்து நுரை காய்ந்து ஒட்டியிருக்கும் குச்சியால் கலக்கிப் புளிக்கவிடுவாள். அந்தக் குச்சியை வேறு யாரும் தொடக்கூடாது. நான் ஒருமுறை தொட்டுவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வருஷம் ஓல்மோத் காய்ச்சும் கொட்டகைக்கே வந்து நின்றார். குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"முட்டை இன்னும் மேல வரணும், ஓட்னி."

"இதுவே நல்ல கெட்டிதான் தலைவரே. இதுக்கு மேல போனா மூணாவது கொம்பு குடிக்கும்போதே ஆளு சாஞ்சிருவான்."

"சாயட்டும். பாதி முட்டை வெளிய தெரியுற மாதிரி காய்ச்சு. தேனு என்னோடது, தலைவலி அவனுங்களோடது."

சிரித்துக்கொண்டே போனார். அவளும் சிரித்தாள். ஊரில் யாருமே காய்ச்சாத கெட்டியில் ஒன்றைக் காய்ச்சப்போகிறோம் என்ற பெருமை அவளுக்கு. பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத் தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டாள்; நான் பார்த்திருக்கிறேன்.

ஓல்மோதுக்கும் ஓட்னியின் தம்பி ஃபின்கெய்ருக்கும் அப்போது ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. கோடையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைப் பக்கம் ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியிருந்தது. ஃபின்கெய்ரின் நிலம் அந்த முனை வரைக்கும் போகும். அது என் கரை என்று அவன் வெட்டி எடுத்துக்கொண்டான். ஓல்மோதோ, முனைக்கு அப்பால் எல்லாம் தன்னுடையது என்றார். ஒரு குளிர்காலத்துக்கான கொழுப்பும் இறைச்சியும் போனதைவிட, ஒரு சின்னப் பண்ணைக்காரன் தன் முகத்துக்கு நேராக மாட்டேன் என்றதுதான் அவருக்கு உறுத்தியது. நேராகப் போய் ஃபின்கெய்ரைக் கொன்றால் வழக்குத் தீர்க்கும் ஊர்க் கூட்டத்தில் அவரைக் குற்றவாளியாக நிறுத்துவார்கள். அதனால் அவர் வேறு வழி தேடினார். அந்த வழி என் அண்ணன்.

ஸ்கோப்தி கெட்டவன் இல்லை. ஆட்டுக்குட்டி செத்தால் கண் கலங்குகிறவன். ஆனால் நாலு பேர் நடுவில் தன்னைச் சின்னவனாகக் காட்டிவிட்டால் தாங்கமாட்டான். அது ஊருக்கே தெரியும். ஓல்மோதுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

யூல் விருந்து மத்தியானமே தொடங்கியது. நீண்ட கூடத்தில் இரண்டு பக்கமும் பெஞ்சுகள், நடுவில் நெருப்பு. ஆண்கள் உட்கார்ந்திருக்க, நாங்கள் பெண்கள்தான் குடிப்பதற்கென்று குடைந்த மாட்டுக் கொம்பில் கள்ளை ஊற்றி எடுத்துப் போவோம். கொம்பைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். ஆக, கையில் வாங்கியவன் முழுக்கக் குடித்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் கொம்பு எங்கள் பெரிய தெய்வம் ஓடினுக்கு, அடுத்தது நல்ல விளைச்சலுக்கு, அதற்கடுத்தது செத்துப்போனவர்களின் நினைவுக்கு. அதோடு நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிறகு பன்றியைக் கொண்டுவருவார்கள். கொழுத்த கடுவன் பன்றி, உயிரோடு. அதன் முதுகு மயிரில் கை வைத்து, சத்தியக் கொம்பை ஏந்தி, வருகிற வருஷத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று ஆண்கள் சபதம் சொல்ல வேண்டும். பன்றிமேல் சொன்ன சபதத்தை நிறைவேற்றாதவன் மனிதனே இல்லை. அவன் சாட்சி செல்லாது, அவனுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், அவன் பக்கத்தில் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள்.

பன்றி வருவதற்கு முன்னால் ஓல்மோத் ஒரு கதை சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கவிதை பேசவைக்கிற தேன்கள்ளை ஓர் அரக்கன் மூன்று பாத்திரத்தில் மலைக்குள் ஒளித்துவைத்து, தன் மகள் குன்லோதைக் காவல் வைத்திருந்தான். ஓடின் அவளோடு மூன்று இரவு தங்கி, மூன்று மடக்குக் கேட்டு, மூன்று மடக்கில் மூன்று பாத்திரத்தையும் காலி பண்ணினான். பிறகு கழுகாக மாறிப் பறந்துவிட்டான். தேவர்களின் முற்றத்தில் வந்து கக்கியது நல்ல கவிஞர்களுக்கு. அவசரத்தில் பின்பக்கமாகக் கொஞ்சம் சிந்திவிட்டது. அது மட்டமான பாட்டுக்காரர்களுக்கு; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கிடந்தது.

"அந்தப் பின்பக்கச் சரக்கைக் குடிச்சவன் நம்ம ஸ்கோப்தி!" என்றார் ஓல்மோத். "பத்து வருஷமா என் கூடத்துல குடிக்கிறான். ஒரு வருஷமாவது ஆம்பள மாதிரி ஒரு சபதம் போட்டிருப்பானா? போன வருஷம் என்ன சொன்னே ஸ்கோப்தி? வேலி கட்டுவேன்னா?"

கூடம் அதிரச் சிரித்தார்கள். அண்ணன் காது வரை சிவந்துபோனான். என் பக்கத்தில் கொம்போடு நின்ற ஓட்னி பல்லைக் கடித்தபடி சொன்னாள்: "மூணு ராத்திரி ஒருத்திகிட்டப் படுத்துட்டு, அவ காவல் காத்ததைத் திருடிக் குடிச்சுட்டுப் பறந்தவன் கதையைச் சொல்றாரு. அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு எவனாவது கேட்டானா பாரு. எல்லாப் பல்லும் வெளிய தெரியுது."

பன்றி வந்தது. ஒவ்வொருவராகச் சபதம் போட்டார்கள். ஸ்கோப்தியின் முறை வந்தபோது அவன் நாலு கொம்பு குடித்திருந்தான். அந்தக் கெட்டிச் சரக்கில் நாலு என்றால் நிற்பதே ஆச்சரியம். ஓல்மோத் தாமே எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார்.

"முனையில ஒருத்தன் நம்ம எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறான் ஸ்கோப்தி. திமிங்கலத்தைத் தின்னுட்டு உன்னையும் சேர்த்துத்தான் சிரிக்கிறான். மச்சான்னு நீ பயப்படுறியாம். ஊர் சொல்லுது."

"எனக்கென்ன பயம்?"

"அப்போ சொல்லு. வேலி கட்டுறவன் மாதிரி சொல்லாத. பாட்டுக்காரன் மாதிரி சொல்லு."

ஸ்கோப்தி பன்றியின் முதுகில் கை வைத்தான். மறுகையில் கொம்பு. ஓட்னி அவனிடமிருந்து மூன்று அடி தூரத்தில் நின்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. பெரிய குரலில் சொன்னான்:

"பனி உருகுறதுக்கு முன்னாடி ஒரு நாள் வரும். அன்னைக்கு ஃபின்கெய்ர் கூரையில புகை எழும்பாது. அதை நான் பண்ணுவேன், என் கண்ணாலயும் பார்ப்பேன்!"

பெஞ்சுகளை இடித்து ஆரவாரம் செய்தார்கள். ஒரு வீட்டின் புகையை நிறுத்துவது என்றால் என்ன அர்த்தம் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓல்மோத் தன் கையிலிருந்த வெள்ளி வளையத்தைக் கழற்றி அண்ணன் கையில் மாட்டினார். "நீ தனியாப் போக வேண்டாம். இருபது பேரோட நானும் உனக்குத் துணைக்கு வர்றேன்" என்றார். ஸ்கோப்தி கொம்பைக் காலி பண்ணிவிட்டுப் பெஞ்சில் சரிந்தான். ஓட்னி தன் கையிலிருந்த கொம்பைத் தரையில் கவிழ்த்தாள். வைக்கோல் எல்லாம் தேன்கள். அதற்கும் ஆண்கள் சிரித்தார்கள்.

விடிந்தபோது, மற்றவர்கள் ஓல்மோதின் கூடத்தில் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அண்ணன் எழுந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கையில் வளையத்தைப் பார்த்தான்.

"இது ஏது?"

ஓட்னி அவன் எதிரில் நின்றாள். "ஞாபகம் இல்லையா?"

"ஓல்மோத் கதை சொன்னாரு... பன்றி வந்துச்சு..."

"அப்புறம்?"

"அப்புறம் இல்லடி. குடிக்கிறவன் தலைக்கு மேல மறதிக் கொக்கு பறக்கும்பாங்களே. கொத்திட்டுப் போயிருச்சு."

"கொக்கா? யோவ், உன் தலைக்கு மேல கொக்கு பறக்கலய்யா. ஓல்மோத் பறந்தான்! என் தம்பியைக் கொல்றேன்னு பன்றி மேல கை வச்சுச் சொல்லியிருக்கே. அறுபது பேரு கேட்டிருக்கான். என் தம்பியை! நம்ம கல்யாணத்தன்னைக்கு உன் குதிரையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தானே, அவனை!"

ஸ்கோப்தியின் முகம் மாவாக வெளுத்தது. "நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றான். பிறகு, "சொன்னேனா குரோவா?" என்று என்னைக் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். அவன் வெளியே போய்ப் பனியில் வாந்தி எடுத்தான்.

"ஓல்மோத் போட்ட கணக்கு புரியுதா உனக்கு?" என்று ஓட்னி வாசலில் நின்று கத்தினாள். "கொலை உன் பேர்ல. பழி உன் பேர்ல. நாளைக்கு ஃபின்கெய்ரோட மாமன் மச்சானுங்க வந்து நம்ம வீட்டைக் கொளுத்துவானுங்க, ஓல்மோத் வீட்டை இல்ல. முனை மட்டும் அவன் பேர்ல! இதுக்கு நான் பாதி முட்டை மிதக்குற கள்ளைக் காய்ச்சிக் குடுத்திருக்கேன்! என் கையை வெட்டணும்!"

"இப்போ என்ன பண்றது? சபதம் போட்டாச்சே. பின்வாங்கினா நான் மனுஷனே இல்லன்னு ஆயிரும்."

"நீ இப்போ மட்டும் மனுஷனா?"

வீட்டுக்கு வந்த பிறகு ஓட்னி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. விறகு பிளந்தாள். தேவைக்கு மேல் பிளந்தாள். குவியல் கூரை வரை ஏறியது. மூன்றாம் நாள் கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"குரோவா, அவரு சொன்னதை வார்த்தை மாறாமச் சொல்லு."

சொன்னேன்.

"ஒரு நாள்னு சொன்னாரா, இனிமே என்னைக்கும்னு சொன்னாரா?"

"ஒரு நாள்னுதான் மதினி. பாட்டு மாதிரி சொல்லணும்னு முயற்சி பண்ணாரு."

"கொல்லுவேங்கிற வார்த்தை வந்துச்சா?"

"வரல."

"ரத்தம்? கத்தி?"

"எதுவும் வரல. புகைதான்."

அவள் மூச்சுவிட்டது குளிரில் வெண்மேகமாகப் போனது. "நல்லவேளை, பின்பக்கச் சரக்கைக் குடிச்ச கவிஞன்" என்றாள். சிரிக்கவில்லை.

அன்றைக்கே ஏற்பாடு செய்தாள். மறுநாள் பொழுது விடியும்போது நானும் அண்ணனும், ஓல்மோதுக்கு ஒட்டும் உறவும் இல்லாத பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு பேரும் முனைக்கு மேலே இருக்கும் மேட்டில் நிற்க வேண்டும். அங்கிருந்து ஃபின்கெய்ரின் கூரை கீழே தெளிவாகத் தெரியும். பொழுது சாயும்வரை நின்று பார்க்க வேண்டும். அவள் பனியில் சறுக்கிப்போகிற பனிப்பலகையைக் காலில் கட்டிக்கொண்டு முந்தின நாளே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கே நடந்ததை ஃபின்கெய்ரின் மனைவி ஆஸ்வோர் எனக்குச் சொன்னாள். ஓட்னி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு பகல் தீயை அணைத்தால் போதும், சபதம் முடிந்துவிடும், யாரும் சாக வேண்டாம் என்றிருக்கிறாள். குளிர்காலத்தில் பகல் என்பதே கொஞ்ச நேரம்தான். ஃபின்கெய்ர் கேட்டுவிட்டு ஈட்டியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தானாம்.

"வரட்டும் அவனுங்க. என் வாசல்ல நாலு பேராவது விழுவான்."

"நாலு பேரு விழுவான். அப்புறம் நீ விழுவே. அப்புறம் உன் பிள்ளைங்க. என்னடா பேசுறே?"

"அக்கா, இது அப்பா ஏத்துன தீ. இந்த நிலத்தை எடுத்தப்போ அவர் தெற்கிலேர்ந்து சட்டியில கனலைக் காப்பாத்திக் கொண்டுவந்து வச்சது. ஒரு நாள்கூட அணைஞ்சதில்ல. ஒரு குடிகாரன் உளறினான்னு நான் அதை அணைக்கணுமா? ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். சிரிக்கிறவனைப் பார்க்க நீ உயிரோட இருக்கணும்ல."

"முடியாது."

"எனக்கும் அவர் அப்பாதான்டா!"

"அதான் முடியாதுங்கிறேன். நீயே கேக்குறே பாரு, வெக்கமா இல்ல?"

விடியற்காலை ஃபின்கெய்ர் ஆட்களைத் தயார் பண்ணப் படகுக் கொட்டகைக்குப் போனான். கதவு மூடிய சத்தம் கேட்டதும் ஓட்னி எழுந்தாள். மூலையில் புளித்த மோர்த் தொட்டி இருந்தது. குளிர்காலம் முழுக்க இறைச்சி ஊறப்போடுகிற தொட்டி. வாளியால் மொண்டு தீக்குழியில் கொட்டினாள். ஒன்று, இரண்டு, ஏழு வாளி. வீடு முழுக்கச் சாம்பலும் வெள்ளை ஆவியும் எரிந்த பாலின் நாற்றமும். குழந்தைகள் அலறின. கொட்டும்போதெல்லாம் அவள் அழுதாளாம், ஆனால் வாயில் வந்ததெல்லாம் வசவுதான். தம்பியை, புருஷனை, ஓல்மோதை, ஓடினை, யாரையும் விடவில்லை என்று ஆஸ்வோர் சொன்னாள். கடைசிக் கனலைக் குச்சியால் கிளறி அதன்மேலும் கொட்டினாள்.

மேட்டில் நின்ற நாங்கள் அந்த ஆவியைப் பார்த்தோம். குபீரென்று ஒரு வெள்ளைப் பொதி கூரைத் துளையில் எழும்பியது. அப்போதுதான் சூரியன் மலை விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வெறும் கூரை, பனி. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஃபின்கெய்ர் ஓடிவந்தான். தீக்குழியைப் பார்த்தான். கையில் இருந்த ஈட்டியை ஓங்கினான். அக்காவை நோக்கித்தான் ஓங்கினான். ஆஸ்வோர் குறுக்கே போய் நின்றாள்.

"குத்துறதுன்னா முதல்ல என்னைக் குத்துங்க. அவ உங்க பிள்ளைங்களுக்காகச் செஞ்சா. நீங்க உங்க பேருக்காகப் பேசுறீங்க."

"விலகு. சக்கிமுக்கி எங்க? இப்பவே பத்தவைக்கிறேன்."

ஆஸ்வோர் சக்கிமுக்கிக் கல் இருந்த பெட்டியைத் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். அந்தப் பகல் முழுக்க எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளைத் தோல் போர்த்தி மாட்டுக் கொட்டிலில் பசுக்களுக்கு நடுவில் படுக்கவைக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் உறைந்த மீனைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபின்கெய்ர் வாசலிலேயே நின்றான். பொழுது சாய்ந்ததும் ஓட்னி பனிப்பலகையைக் கட்டினாள். தம்பி அவளைப் பார்க்காமல் சொன்னான்: "இனிமே இந்த வாசலை மிதிக்காத."

மறுநாள் நாங்கள் எல்லோரும் ஓல்மோதின் கூடத்துக்குப் போனோம். அவர் தன் ஆட்களோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஸ்கோப்தி அவர் முன்னால் நின்று, வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். குரல் கொஞ்சம் தடுமாறினாலும் சொல்லி முடித்தான்.

"என் சபதம் நிறைவேறிருச்சு தலைவரே. நேத்து ஒரு நாள், ஃபின்கெய்ர் கூரையில புகை எழும்பல. என் பெண்டாட்டியை அனுப்பிப் பண்ணினேன், என் கண்ணாலயும் பார்த்தேன். மேட்டுல கூட நின்ன இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

ஓல்மோதுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கிண்ணத்தை வீசினார்.

"என்னடா விளையாட்டு இது? கொல்றேன்னு சபதம் போட்டே! இங்க இருக்கிற எல்லாரும் கேட்டாங்க. கேட்டீங்களா இல்லையா?"

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன், தலையைக் கொய்வேன் என்று சொன்னதாகச் சொன்னான். இன்னொருவன், வீட்டைக் கொளுத்துவேன் என்றான். மூன்றாமவன், திமிங்கலத்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றுதான் கேட்டேன் என்றான். நாலாமவனுக்குப் பன்றி வந்ததே ஞாபகம் இல்லை.

ஓட்னி முன்னால் வந்தாள். அவ்வளவு மெதுவான குரலில் அவள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "தலைவரே, நான் எவ்வளவு கெட்டியாக் காய்ச்சினேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதானே கேட்டீங்க. அதைக் குடிச்சவனைப் போய்ச் சாட்சி கேட்டா எப்படி? குடிக்காதவங்களைக் கேளுங்க. கொம்பு தூக்கினவங்களைக் கேளுங்க."

"பொம்பளைங்களையா?"

"உங்க வீட்டுப் பொம்பளையையே கேளுங்க. சத்தியக் கொம்பை ஊத்திக் குடுத்தது யாரு?"

ஊற்றிக் கொடுத்தது ஓல்மோதின் மனைவி யோரூன். கூடத்தின் கோடியில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓல்மோதும் பார்த்தார். அந்தப் பார்வை என்ன சொன்னது என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. யோரூன் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு நாள்னு சொன்னாரு" என்றாள் யோரூன். "அன்னைக்குப் புகை எழும்பாதுன்னு சொன்னாரு. அதை நான் பண்ணுவேன், கண்ணாலயும் பார்ப்பேன்னு சொன்னாரு. அவ்வளவுதான். கொல்றேன்னு சொல்லல."

"யோசிச்சுப் பேசு, யோரூன்."

"பதினாலு வருஷமா யோசிச்சுக்கிட்டுத்தான் ஊத்துறேன். நீங்க எல்லாரும் சொல்றது ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கு. எல்லாத்தையும் சொல்லவா?"

ஓல்மோத் எழுந்து வெளியே போய்விட்டார். பெண்டாட்டியோடு அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லையாம். "காதுக்கு நல்ல ஓய்வு" என்று யோரூன் எங்களிடம் சொன்னாள்.

சபதம் என்ற போர்வை போனதும் அவருக்கு முனைப் பக்கம் போக வழி இல்லை. போயிருந்தால் கொலை அவர் பேரில் விழும். திமிங்கலக் கொழுப்பைக் கோடைக்குள் ஃபின்கெய்ர் வீட்டார் தின்று முடித்தார்கள். மூன்று வருஷம் கழித்து ஓல்மோத் மேற்கே கொள்ளைக்குப் போய்த் திரும்பவில்லை.

ஆக, யாரும் சாகவில்லை. அதற்காக ஓட்னியை யாராவது கும்பிட்டார்களா? என் வயிறு எரிவதே இந்த இடத்தில்தான். என் அண்ணனுக்குப் புகை ஸ்கோப்தி என்று பேர் வந்தது. ஃபின்கெய்ருக்கு மோரடுப்பு என்று பேர். விருந்துகளில் அவர்களைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். உயிரோடு இருக்கிற இரண்டு ஆண்களும் அந்தப் பேருக்காகக் குமைந்தார்களே தவிர, உயிரோடு இருப்பதற்காகச் சந்தோஷப்படவில்லை. ஸ்கோப்தி ஒருமுறை, "நீ வேற ஏதாவது கௌரவமான வழி யோசிச்சிருக்கலாம்" என்று சொன்னான். கையில் இருந்த கரண்டியை அவள் அவன்மேல் எறிந்தாள். நெற்றியில் பட்டது. நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை அவள் எந்த ஆணுக்கும் கொம்பு ஏந்தவில்லை. தேன்கள் காய்ச்ச எத்தனை வீடுகளிலிருந்து ஆள் அனுப்பியும் போகவில்லை. நுரைக் குச்சியை விறகோடு சேர்த்து எரித்துவிட்டாள்.

ஃபின்கெய்ர் அவளோடு பேசவே இல்லை. நாலு வருஷம் கழித்துக் கோடைக் கூட்டத்தில் கூடாரங்களுக்கு நடுவில் நேருக்கு நேர் வந்தார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போனான். அவள் கூட்டமே கேட்கக் கத்தினாள்:

"போடா! நல்லா வீசி வீசி நட! அந்தக் கால் இன்னைக்கு மண்ணுக்குள்ள மக்கிப் போயிருக்க வேண்டிய காலுடா! என்கிட்டப் பேச வேண்டாம். உன் பிள்ளைங்க எத்தனை உயரம்னு மட்டும் வீட்டுக்குப் போய் அளந்து பாரு!"

அவன் நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். திரும்பவில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். ஓட்னி மூச்சு வாங்க நின்றாள். பிறகு பக்கத்தில் சல்லடை விற்றுக்கொண்டிருந்தவனிடம் போய், ஓட்டைச் சல்லடையை விற்கிறாயா என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, கடற்பறவை முட்டை பொறுக்கும் பருவத்தில், ஆஸ்வோர் மூத்த மகளோடு பாறைப் பக்கம் வருவாள். ஓட்னியும் நானும் போவோம். பாலாடைக்கட்டியும் கம்பளி நூலும் மாற்றிக்கொள்வோம். அந்தப் பெண் அத்தையின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்ளும். ஆண்கள் இரண்டு பேருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். ஓட்னி பதினேழு வருஷம் அப்படி வாழ்ந்தாள். கடைசிவரை கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.